எட்டாம் வகுப்பில் வாசிக்கக் கற்றுத் தருவது யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒன்றாம் வகுப்பில் வாசிக்கக் கற்றுத் தருவது யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வகுப்பு டீச்சர்தான். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை புத்தகத்தை வைத்துக்கொண்டு திணறினால் பொறுப்பு யாருடையது? தமிழாசிரியரைக் கேட்டால், இதெல்லாம் தொடக்கப் பள்ளியிலேயே முடிந்திருக்க வேண்டும் என்பார். அறிவியல் ஆசிரியர், இது தமிழாசிரியர் பார்க்க வேண்டிய வேலை என்பார். தொடக்கப் பள்ளி ஆசிரியரைத் தேடிப் போய்க் கேட்டால், என்னிடம் இருந்தபோது நன்றாகத்தானே வாசித்தான் என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூவருக்கும் நடுவே அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு வரை போய்விடுகிறது.

நான் இன்று வலியுறுத்த வந்தது ஒன்றைத்தான். ஆறாம் வகுப்புக்கு மேல் பாடம் நடத்தும் ஒவ்வொரு பட்டதாரி ஆசிரியரும் வாசிப்பு ஆசிரியரும் ஆவார். அந்த வேலைக்கு அவரைத் தயார்செய்யும் பட்டப் பயிற்சி நம்மிடம் பெயரளவில்தான் இருக்கிறது. அதை உண்மையாக்கத் தேனி மாவட்டம் நல்ல இடம்.

சிறு வயது வாசிப்புக்கு நம் மாநிலம் செய்திருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொரோனாக் காலத்தில் மூடிய பள்ளிகள் திறந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியான சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. குழந்தைகள் கையில் அவற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புத்தகங்களின் அருமை தெரியும். 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளில் பின்தங்கியவர்களுக்காகத் 'திறன்' இயக்கம் தொடங்கியது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளிலும் வாசிப்புச் சிக்கல் இருக்கிறது என்று அரசே வெளிப்படையாக ஒப்புக்கொண்டதற்காகவே அதை வரவேற்கிறேன்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பற்றி 2023ஆம் ஆண்டின் அசர் அறிக்கை வெளிவந்தது. இந்தியாவில் 28 மாவட்டங்களில் எடுத்த கணக்கெடுப்பு அது. நம் மாநிலத்திலிருந்து பெரம்பலூர் சேர்ந்திருந்தது. அந்த வயதினரில் ஏறத்தாழ கால்வாசிப் பேரால் இரண்டாம் வகுப்பு நிலைப் பகுதியைத் தாய்மொழியில் சரளமாக வாசிக்க முடியவில்லை என்று அறிக்கை சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளியிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்தவர்கள்.

இங்கே இரண்டு வகைப் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டவே வராதவர்கள் ஒரு வகை. இவர்களை அடிப்படைத் தேர்வு கண்டுபிடித்துவிடும், தனி வகுப்பும் கிடைக்கும். கடகடவென்று வாசித்துவிட்டு, வாசித்தது என்ன என்று கேட்டால் விழிப்பவர்கள் இன்னொரு வகை. இவர்கள் எந்தத் தேர்விலும் சிக்குவதில்லை. நோட்ஸை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். என் கவலை பெரிதும் இவர்களைப் பற்றியது.

சின்னமனூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் ஜூன் மாதச் செய்தித்தாள் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் ஆண்டுதோறும் படிக்கிற செய்திதான் அது: முல்லைப் பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பு. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர். பாசனத்துக்கு வினாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, நீர் இருப்பையும் வரத்தையும் பொறுத்து 120 நாள்கள். இவை எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்து, வினைச்சொல்லைக் கடைசியில் வைத்திருப்பார்கள். ஒரு மாணவன் எழுந்து தடங்கலில்லாமல் வாசித்தான். எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்று கேட்டேன். "நூத்தி இருபது நாள் சார்." உறுதியாக வருமா? "வரும் சார்." மழை பெய்யாவிட்டால்? "அப்ப நிறுத்திருவாங்க சார். போன தடவை எங்க அப்பா மொறை வச்சுத்தான் பாய்ச்சுனாரு." இந்தச் செய்தியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். மறுபடி விரலை வைத்து முழுவதும் பார்த்தான். "இல்ல சார்" என்றான்.

எழுதியிருந்தது. அந்த நிபந்தனை வாக்கியத்தின் நடுவில் கிடந்தது. மதகு, முறைப் பாசனம், போகம் எல்லாம் எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். தாளில் இருந்த வாக்கியத்துக்கும் அவனுக்குத் தெரிந்த வயலுக்கும் நடுவேதான் பாதை இல்லை. அவனை மந்தமானவன் என்று சொல்லும் எவருக்கும், அப்பா முறை வைத்துப் பாய்ச்சியதைச் சொன்ன அந்தப் பதிலைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்காவின் ஹார்வர்டில் பணியாற்றிய ஜீன் சால், 1983இல் வெளியான தம் நூலில் வாசிப்பு வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் சில ஆண்டுகள் வாசிக்கக் கற்பது. அதன் பிறகு வாசிப்பைக் கொண்டு மற்றவற்றைக் கற்பது. நான்காம் வகுப்பை ஒட்டி, அதுவரை நன்றாக வந்த ஏழைக் குழந்தைகளும் சறுக்குவதை அவர் கவனித்தார். கதைப் பேச்சிலிருந்து பாடநூல் நடைக்கு மொழி மாறும் இடம் அது. தமிழில் அந்த இடைவெளி இன்னும் அகலம். வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறொரு தமிழ். இந்தப் பள்ளத்தாக்கில் கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழியாக உள்ள குடும்பங்களும் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கு அது இரண்டாவது தாண்டல். ஆறாம் வகுப்பிலிருந்து, எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே நான்கு எச்சங்களை வைத்து அறிவியலும் சமூக அறிவியலும் பேசத் தொடங்குகின்றன. இப்படிப்பட்ட வாக்கியத்தை எப்படிப் பிரித்து வாசிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

சொல்லித் தர முடியும். அன்று அந்த வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, கடைசிச் சொல்லுக்கு வட்டம் போட்டோம். யார் திறக்கிறார்கள், எங்கிருந்து, எதற்கு, எவ்வளவு, எதுவரை, எது இருந்தால் என்று பிள்ளைகளே கேள்வி கேட்டார்கள். பதில்கள் அவர்கள் பேச்சுத் தமிழில் தனித்தனிச் சிறு வாக்கியங்களாக விழுந்தன: "தண்ணி தெறக்குறாங்க. பெரியாத்துல இருந்து. மொதப் போகத்துக்கு. அணையில இருந்தாத்தான் நூத்தி இருபது நாளும்." பின்பு அந்தத் துண்டுகளைச் சேர்த்து மீண்டும் எழுத்துத் தமிழ் வாக்கியமாகக் கட்டச் சொன்னோம். மூன்று குழுக்கள் மூன்று விதமாகக் கட்டின. மூன்றும் சரி. மொத்தம் ஒரு பாடவேளைகூட ஆகவில்லை.

கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கையும் மாணவர்களே முறைமாற்றி நடத்தும் வழி ஒன்றை அனமேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான். வாசிக்க வரும், புரிவதில்லை என்ற அதே வகையினர். நாற்பது ஆண்டுகளாகக் கல்வியியல் நூல்களில் இருக்கும் முறை இது. நம் பி.எட். மாணவர்களில் எத்தனை பேர் இதை ஒரு வகுப்பில் செய்து பார்த்துவிட்டுப் பட்டம் வாங்குகிறார்கள்?

அதே செய்தி கணித ஆசிரியர் கைக்குப் போகட்டும். வினாடிக்கு 200 கன அடி என்றால் ஒரு நாளைக்கு 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் கன அடி. 120 நாளுக்கு 2 டி.எம்.சி.க்குச் சற்று மேல். பெரிய எண்களை வாசிப்பதும் வாசிப்புதான். சமூக அறிவியல் ஆசிரியரிடம் போனால் 1886ஆம் ஆண்டுக் குத்தகை, 1895இல் முடிந்த பென்னிகுக்கின் அணை, முழு நீர்மட்டம் 152 அடி, 142 அடி வரை தேக்கலாம் என்ற 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று விரியும். 2011 டிசம்பரில் இந்த அணையை வைத்து எழுந்த பதற்றத்தில் தமிழக-கேரள எல்லையின் இரு பக்கமும் என்ன நடந்தது என்பதைக் கம்பத்தாருக்கும் கூடலூராருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு வதந்தி வாய்வழி போனது. இன்று அணையைப் பற்றிய எந்தப் படமும் எந்தக் குரல் பதிவும் நிமிடத்தில் பிள்ளையின் கைப்பேசிக்கு வருகிறது. இதைச் சொன்னது யார், எந்த ஆண்டுப் படம், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்த 15 வயதுப் பிள்ளை இந்த எல்லையோர ஊர்களுக்கு எவ்வளவு தேவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனிப் பட்டப் பயிற்சிக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அந்தக் கலைத்திட்டத்தை வகுத்தவர்கள் நம் சிக்கலை அறிந்தே இருந்தார்கள். கலைத்திட்டம் முழுவதும் மொழி என்று ஒரு தாள், நூல்களை வாசித்துச் சிந்தித்தல் என்று ஒரு செயல்பாடு, தகவல் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ளல் என்று இன்னொன்று, 20 வாரப் பள்ளிப் பயிற்சி ஆகியவற்றை வைத்தார்கள். அறிவியல் பட்டதாரிக்கும் கணிதப் பட்டதாரிக்கும் மொழித் தாள் கட்டாயம் என்பது அருமையான முடிவு. நடைமுறையில் அது மொழி பற்றிய கோட்பாடுகளைப் படித்து எழுதும் தாளாகச் சுருங்கிவிட்டது. பள்ளிப் பயிற்சிக்குப் போகும் மாணவி பாடக்குறிப்பு எழுதுகிறாள், சார்ட் ஒட்டுகிறாள், ஸ்லைடு தயாரிக்கிறாள். ஐந்து பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து வாசிக்கக் கேட்டு, எங்கே தடுக்கிறது என்று எழுதிக் கொண்டு வா என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. சில கல்லூரிகளில் பயிற்சிப் பதிவேடுகளைக் கடையில் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள் என்பது இந்த அரங்கில் பலருக்கும் தெரியும். வருத்தத்தோடு சொல்கிறேன்.

பணியில் இருப்பவர்களின் நிலை வேறு. முன்பு எம்.ஏ., எம்.எட். முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. ஆசிரியர்கள் 'இன்சென்டிவ்' என்று சொல்வது அதைத்தான். அதற்காகவே படித்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்தச் சாக்கில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் மீண்டும் புத்தகத்தைத் திறந்தார்கள். 2020இல் அது நிறுத்தப்பட்டது. இப்போது ஓர் ஆசிரியை தன் பணத்தில், தன் விடுமுறையில் எம்.எட். படித்தால் அவருக்குக் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. இதற்கு மேல், பணியில் உள்ளவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்கள் கோச்சிங் புத்தகம் வாங்கினார்கள். மேற்படிப்பு என்றாலே தேர்வு என்ற அச்சம் பரவியிருக்கும் நேரத்தில் நான் பட்டப் பயிற்சி பற்றிப் பேசுகிறேன் என்பது எனக்குத் தெரியும். ஊக்க ஊதியத்தை, வகுப்பறையில் செய்து காட்டும் பயிற்சியோடு இணைத்து, மீண்டும் தர வேண்டும் என்று அரசை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

தொழில்நுட்பத்தில் கருவிக்குக் குறைவில்லை. 6,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 2018 முதல் பாடநூலில் க்யூ.ஆர். குறியீடு வந்தது, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, பிறகு மணற்கேணி செயலி. 2024இல் தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குச் சுமார் 80,000 கைக்கணினிகள் தரப்பட்டன. அன்றாடம் இவை அதிகம் பயன்படுவது எதற்கு? வருகைப் பதிவு, எமிஸ் விவரம், ஆன்லைன் வினாடி வினா. ஆசிரியர் கையில் உள்ள கருவி அவருடைய நேரத்தைத் தின்னுமா, மிச்சப்படுத்துமா என்பதை அவர் பெறும் பயிற்சிதான் முடிவு செய்கிறது.

பெரு நாட்டில் நூற்றுக்கணக்கான கிராமப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்துப் பார்த்தார்கள். மொழியிலும் கணிதத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை என்று 2012இல் ஆய்வு வந்தது. டெல்லியில் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளிடம் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அங்கே கணினி மென்பொருள் பிள்ளையின் உண்மையான நிலையைக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியது, அதோடு சிறு குழுவில் ஆசிரியரும் இருந்தார். நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆறாம் வகுப்பில் நுழையும்போதே பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில்தான் தெரிந்தது. ஒரே அறையில் நான்கைந்து வகுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். ஆசிரியருக்கு இயந்திரம் துணைசெய்ய வேண்டிய இடம் இதுவே.

அதிகம் தூரம் போகவும் வேண்டாம். குமுளிச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் தொடங்கி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்து, 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினார்கள். கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பயிற்சி தந்தவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை என்பது. பள்ளி ஆசிரியர்களையே எடுத்து முதன்மைப் பயிற்றுநர்களாக்கினார்கள். பக்கத்து மாவட்டமான இடுக்கியின் ஆசிரியர்களோடு நம் ஆசிரியர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் செலவு பேருந்துக் கட்டணம் மட்டும்தான்.

வகுப்பில் எளிதாகச் செய்யக்கூடிய ஒன்று: பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்த யோசனை. திரைப்பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகள் கீழே ஓட வேண்டும், பாடப்படும் சொல் நிறம் மாற வேண்டும். குஜராத் தூர்தர்ஷனில் 1999இல் தொடங்கிய இந்த முயற்சி வாசிப்புப் பழக்கத்துக்கு உதவும் என்று ஆய்வுகள் காட்டின. பண்ணைப்புரம் இளையராஜாவைத் தந்த மாவட்டம் இது, அல்லிநகரம் பாரதிராஜாவைத் தந்தது. ஏழாம் வகுப்பில் தட்டித் தடவி வாசிக்கும் பையன் பாட்டை முழுவதும் மனப்பாடமாக வைத்திருக்கிறான். காதில் இருக்கும் சொல்லைக் கண் பின்தொடர வேண்டும், அவ்வளவுதான். ஸ்மார்ட் போர்டு இதற்குப் போதும், பதின்வயதுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் பிடிக்கும் வெட்கமும் இல்லை. இந்த வெட்கத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 13 வயதில் அது பசியைவிடப் பெரியது.

இன்னொன்று, ஆசிரியரின் கைப்பேசியில் உள்ள குரல் பதிவு. பிள்ளை ஒரு பத்தியை வாசித்துப் பதிவுசெய்து, தானே கேட்டு, தான் தடுக்கிய இடத்தைத் தானே குறிக்க வேண்டும். இணையம் இல்லாத வருசநாட்டு மலையடிவாரப் பள்ளியிலும் இது நடக்கும்.

வீட்டுப்பாடமாக இதைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியுமுன்னே ஏலத் தோட்டத்து ஜீப் கிளம்பிவிடுகிறது. அம்மா மலையேறிப் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை தம்பியைக் கிளப்பி, உலை வைத்து, பள்ளிக்கு வருகிறாள். அவள் வாசிக்க வேண்டிய நேரம் பள்ளி மணிக்குள்ளேதான் கிடைக்க வேண்டும். ஆகவே பாடம் நடத்துபவர்தான் அந்த நேரத்தைத் தர முடியும்.

என் முன்மொழிவு இது. பணியிலுள்ள பட்டதாரி ஆசிரியர்களுக்கு, பதின்வயது வாசிப்பும் வகுப்பறைத் தொழில்நுட்பமும் என்ற ஓராண்டு முதுநிலைப் பட்டயம். பல்கலைக்கழகம் சான்றிதழ் தரட்டும், வகுப்பு உத்தமபாளையத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் நடக்கட்டும். மாவட்டத்தின் எட்டு வட்டாரங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வர வேண்டும், ஒரு பள்ளிக்கு இருவராக. ஒருவர் மொழியாசிரியர், மற்றவர் அறிவியலோ கணிதமோ சமூக அறிவியலோ. தனியாக வந்து கற்றுப் போகிறவர் தம் பள்ளியில் மீண்டும் தனியாகிவிடுவார். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் வேறு துறைகளின் கீழ் வருகின்றன. அந்த ஆசிரியர்களுக்கும் முதல் நாளிலிருந்தே இடம் வேண்டும்.

எழுத்துத் தேர்வு குறைவாக இருக்கட்டும். ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளை ஆண்டு முழுவதும் கவனிக்க வேண்டும். ஜூனில் பதிவுசெய்த குரலையும் மார்ச்சில் பதிவுசெய்ததையும் சக ஆசிரியர்கள் முன் போட்டுக் காட்டி, எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று விளக்க வேண்டும். மாறாத பிள்ளையைப் பற்றி நேர்மையாகப் பேசுபவருக்குக் கூடுதல் மதிப்பெண் தருவேன். பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது.

சனிக்கிழமைகளில் வைத்தால் ஆண்டிபட்டி, கடமலைக்குண்டுப் பக்கத்து ஆசிரியர்களுக்கு வந்து போகவே அந்த விடுமுறை நாள் சரியாகிவிடும். ஆகவே மாதத்தில் இரண்டு வேலை நாள்களைப் பணிநாளாகவே கணக்கிட வேண்டும். அந்த இரண்டு நாளும் அவர்களுடைய வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, முன்பு சொன்ன 20 வாரப் பள்ளிப் பயிற்சியின் 16 வாரப் பகுதியில் இருக்கும் இரண்டாம் ஆண்டு பி.எட். மாணவர்களை அனுப்பலாம். அதற்கான கால அட்டவணையைக் கல்லூரிகளும் மாவட்டக் கல்வி அலுவலகமும் மே மாதத்திலேயே சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டும்.